தீர்த்தம் தெளித்த ரூலொட்

அவருடைய பெயரைப் போடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். போடவில்லை. அண்ணை என்றே எழுதுகிறேன். மொன்றியல் நகரத்து லாசாலில் நாங்கள் கீழ் வீட்டிலும் அவர்கள் மேல் வீட்டிலும் குடியிருந்த காலத்தில் நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய மனைவியை அக்கா என்றேன். அண்ணை காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் கத்தரிக்காய் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தமிழ்க் கடையில் எல்லோரும் பெட்டியைக் கிளறி, காம்பைத் திருப்பி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுப்பார்கள். அண்ணை பெட்டிப் பக்கமே போகமாட்டார். பையைக் கடைக்காரரிடம் நீட்டி, “நீங்களே பாத்துப் போடுங்கோ” என்பார். கடைக்காரரும் பார்த்துத்தான் போடுவார். மற்றவர்கள் கிளறிக் கழித்த காய்கள் அத்தனையும் அண்ணையின் பைக்குள் போகும்.

“அண்ணை, இது முழுக்கப் பூச்சி” என்று நான் ஒருநாள் படியில் வைத்துப் பையைத் திறந்து காட்டினேன்.

“பூச்சிக்கும் தெரிஞ்சிருக்கு நல்ல கத்தரிக்காயெண்டு” என்று சிரித்துக்கொண்டு மேலே ஏறினார். அடுத்த நாள் அவர்கள் வீட்டிலிருந்து வந்த கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அக்கா எப்படிச் சமாளித்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த மினிவேன். யாரோ தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் வாங்கினார். வாங்கும்போது ஓட்டிப் பார்க்கவில்லை, கதவுகளைத் திறந்து பார்க்கவில்லை. கொண்டுவந்து வாசலில் விட்ட பிறகுதான் அக்கா ஏறவேண்டிய பக்கத்துக் கதவு திறக்காது என்று தெரிந்தது. அக்கா சாரதி பக்கத்தால் ஏறி, கியரைத் தாண்டி, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருப்பார். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

“குளிருக்கு இறுகிப் போச்சு, தம்பி. வேறை ஒண்டுமில்லை.”

“இப்ப ஆடி மாசம், அண்ணை.”

“இன்னும் இளகேல்லைப் போலை.”

விற்றவருக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். முகத்தைச் சுளிப்பார். விற்றவரைத் தேவாலயத்தில் காணும்போது, இவர்தான் பிழை செய்தவர் போல முந்திக்கொண்டு கை கொடுப்பார். எனக்கு அங்கேயே கத்தவேண்டும் போல இருக்கும்.

இதில் என் தொழிலையும் சொல்லவேண்டும். சென்ட் லோரன்ட்டில் விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு பொருள் என் மேசைக்கு வந்தால் அது பிழையானது என்ற எண்ணத்தோடுதான் தொடங்குவேன். சரியானது என்று நிரூபிக்கவேண்டியது அந்தப் பொருளின் பொறுப்பு. இப்படிப்பட்ட ஒருவனை அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழ் வீட்டில் குடிவைத்தது யார் செய்த வேலையோ தெரியாது.

“உம்மடை வேலையை வேலைத்தலத்திலை விட்டிட்டு வாரும்” என்று அண்ணை அடிக்கடி சொல்வார்.

அக்காவுக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேசன் நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உயிர் தப்பிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு அவசரம் என்று வந்தால் வந்ததுதான், பொறுக்க முடியாது. பக்கத்தில் கழிவறை இல்லாத எந்த இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை. கலியாண வீடுகளை விட்டார். பஸ்ஸை விட்டார். ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு ஜெபமாலையோடு வீட்டிலேயே இருக்கத் தொடங்கினார். மொன்றியலில் எந்தக் கடையில் கேட்டால் கழிவறைத் திறப்புத் தருவார்கள், எந்தக் கடையில் முறைப்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம்.

எல்லாவற்றிலும் பெரிய துக்கம் அந்த நேர்த்திதான். ஒப்பரேசனுக்கு முதல் அக்கா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். எழும்பி நடந்தால் ஒன்ராறியோவில் கோடையில் நடக்கும் மாதா திருவிழாவுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றுவேன் என்று நேர்த்தி. ஒவ்வொரு வருடமும் மொன்றியலிலிருந்து தமிழர்கள் பஸ் பிடித்துப் போவார்கள். பல மணிநேரப் பயணம். அக்கா யன்னலில் நின்று அவர்களை வழியனுப்புவார்.

அண்ணை மன்னார்க்காரர். ஹோட்டல் சமையலறையில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு ரூலொட்டைக் கண்டிருக்கிறார். ரூலொட் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. இந்த ஊரில் கோடை வந்தால் வெள்ளைக்காரர்கள் அதற்குள் படுக்கை, அடுப்பு, எல்லாவற்றோடும் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். அண்ணை வீட்டுக்குப் போகாமல் நேராக என் கதவைத்தான் தட்டினார். கண் மினுங்கியது.

“தம்பி, கக்கூசு கூடவே வருமெண்டால் அவ எங்கையும் வருவாதானே?”

இவ்வளவு வருடமும் எங்கள் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. நினைத்த இடத்தில் ஓரமாக நிறுத்தலாம், ஏறி இறங்கலாம், மறுபடியும் போகலாம். அன்றைக்கு அவரைக் கட்டிப் பிடிக்காத குறைதான். ஆனால் அடுத்த நிமிடமே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கத்தரிக்காய் வாங்கத் தெரியாதவர் வீடு வாங்கப் போகிறார், அதுவும் ஓடுகிற வீடு.

என்னோடு வேலை செய்த ஒரு கியூபெக்காரன் பல வருடமாக ரூலொட் வைத்திருந்தான். அவனிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சொன்னான். புதியது என்று நம்பாதே, புதியதில்தான் யாரும் இன்னும் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். உங்கள் வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும் என்று விற்பவனிடம் கேட்காதே, வண்டியின் புத்தகத்தில் பார். வாயால் சொல்லும் வாக்குறுதி ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லு. எடுக்கும் நாளில் அரை நாளை அதற்கென்றே ஒதுக்கு. தண்ணீரைக் கொளுவு, மின்சாரத்தைக் கொளுவு, எல்லாக் குழாயையும் திற, கூரையில் ஏறிப் பார், கீழே படுத்துப் பார். அதுவரைக்கும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைக்காதே. வைத்த பிறகு நீ அவர்களுக்குத் தொல்லை.

இதை அப்படியே அண்ணைக்குச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். அந்த ‘ஓம்’ எனக்குத் தெரியும். பல் வைத்தியர் சொல்லும்போது பிள்ளைகள் சொல்வது.

பனி உருகாத ஒரு சனிக்கிழமை, புரோசார்ட்டுக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ரூலொட் விற்பனையிடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் வாசலில் நிற்கும் முதலாவதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். விற்பனையாளன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். எங்களைக் கண்டதும் கை கூப்பி, “வணக்கம்” என்றான். முன்னர் வந்த ஏதோ ஒரு தமிழன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்தத் தமிழன் மட்டும் என் கையில் கிடைத்தால்! அந்த ஒரு சொல்லோடு அண்ணை முடிந்துபோனார்.

“பாத்தீரே, எங்கடை பாசையிலை கதைக்கிறான்.”

“ஒரு சொல்லுத்தான் தெரியும், அண்ணை.”

“அந்த ஒண்டையாவது படிச்சிருக்கிறானே.”

பாரத்தில் மட்டும் நான் வென்றேன். பெரிய ரூலொட்டைக் காட்டிய இடத்தில் மினிவேனின் புத்தகத்தை எடுத்து விரித்து, இதற்கு மேல் இழுக்காது என்று நின்றேன். சின்னதுக்கு இறங்கிவந்தார்கள். ஏதாவது பழுதென்றால் வீட்டுக்கே ஆள் அனுப்புவோம், ஒரு கிழமைக்குள் சரிசெய்வோம் என்று விற்பனையாளன் சொன்னான். “நல்லது, அதை இதில் எழுதுங்கள்” என்று ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவனுடைய சிரிப்புச் சற்றுக் குறைந்தது. பேனை காகிதத்துக்கு மேலே நின்றது. அந்த நேரம் மேசைக்குக் கீழே அண்ணையின் முழங்கால் என் முழங்காலை இடித்தது.

“பா நெசெசேர், மிஸ்யே” என்றார் அண்ணை. தேவையில்லை ஐயா என்று அர்த்தம். பேனை மூடப்பட்டுவிட்டது.

வெளியே வந்து கார்க் கதவை நான் அடித்துச் சாத்திய சத்தம் எனக்கே கேட்டது. “அவன் மனுசன் எல்லே. முகத்துக்கு நேரை நீ சொல்லுறதை எழுதித் தா எண்டு கேக்கிறது எவ்வளவு கேவலம்” என்றார். யாருக்குக் கேவலம் என்று நான் கேட்கவில்லை. வங்கிக் கடனுக்கு மனைவியும் கையெழுத்து வைக்கவேண்டும் என்றிருந்ததால் ஒப்பந்தத்தில் அக்காவின் பெயரும் ஏறியது. அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டியபோது அவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

ரூலொட் எடுக்கும் நாள் வந்தது. நான் முதல் நாளே ஆயத்தம். ரோர்ச் லைட், தண்ணீர்க் குழாய், கீழே படுப்பதற்கு ஒரு பழைய கம்பளம், மாற்றிக்கொள்ள ஒரு சேர்ட். காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் நின்றால், அண்ணை இரண்டு கார் சனத்தோடு வந்து இறங்குகிறார். கூட வந்த காரின் முன் கதவால் இறங்கியவர் சுவாமியார். எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை வைக்கும் குருவானவர், வெள்ளை அங்கியோடு, கையில் தீர்த்தப் பாத்திரத்தோடு. பின்னால் ஒரு பெரிய தட்டம் நிறைய மட்டன் ரோல்ஸ். விடிய எழும்பி அண்ணையே பொரித்தவை. அக்காவும் வந்திருந்தார். வழியில் எங்கெங்கே நிறுத்தினார்களோ தெரியாது, முகம் களைத்திருந்தது.

புது வாகனத்தை மந்திரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் என் காரை மந்திரித்தவன்தான். ஆனால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. பெற்றுக்கொள்வதற்கு முன்னரே மந்திரிக்க இவர் ஒருவரால்தான் முடியும்.

சுவாமியார் ஜெபித்தார். விற்பனையாளன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். தீர்த்தம் சில்லிலும் கதவிலும் உள்ளே அடுப்பிலும் கட்டிலிலும் விழுந்தது. சனம் படம் எடுத்தது. ரோல்ஸ் சுற்றிவந்தது, மெக்கானிக்குகள் எல்லோரும் கை துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்கள். இந்த அமளிக்கு நடுவில் விற்பனையாளன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைக்கும் காகிதத்தை நீட்டினான். எல்லாம் நாங்கள் பரிசோதித்துவிட்டோம் என்றான்.

நான் குழாயைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தேன். “அண்ணை, பொறுங்கோ. தண்ணி கொளுவிப் பாப்பம்.”

அண்ணை என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். “சுவாமி தீர்த்தம் தெளிச்சாப் பிறகு குழாய்த் தண்ணி விட்டுச் சோதிக்கிறதே, தம்பி? ஆர் பாத்தாலும் என்ன நினைப்பினம்?”

சுவாமியாரைப் பார்த்தேன். அவர் ரோல்ஸில் இருந்தார். அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை கையெழுத்து வைத்தார். சனம் கைதட்டியது. நான் குழாயைச் சுருட்டிக் காருக்குள் எறிந்துவிட்டு, மாற்றிக்கொள்ளாத சேர்ட்டோடு வீட்டுக்குப் போனேன்.

ஜூனில் முதல் பயணம். கிட்ட இருக்கும் ஏரிக்கரை ஒன்றுக்கு, பரீட்சித்துப் பார்க்க. நானும் போனேன். தண்ணீரைக் கொளுவினோம். அண்ணை உள்ளே போய்ச் சின்னக் கழிவறையின் மிதியை அழுத்தினார், வெள்ளை விளக்கைப் போட்டார், அக்காவுக்கு மாளிகை திறந்து காட்டுவது போலக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தரை நனைந்திருந்தது. பிறகு கால் வைத்தால் அமிழ்ந்தது. நான் கீழே படுத்துப் பார்த்தேன். கழிவு போய்ச் சேரும் தாங்கியின் கழுத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. விளிம்பில் பசை பூசி ஒட்டியிருந்த அடையாளம் தெரிந்தது. விற்பதற்கு முன்னரே யாரோ வெடிப்பைக் கண்டு ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அக்காவுக்கு அவசரம் வந்தபோது பொதுக் கழிவறை மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் நடந்தார், பிறகு ஓடினார். போய்ச் சேரவில்லை. திரும்பி வரும்போது துவாயை விரித்து அதன்மேல் இருந்துகொண்டு வந்தார். அண்ணைதான் பேசினார்.

“றோட்டிலை இருக்கிற குழிக்கு உதறுண்டு வெடிச்சிருக்கும். பாவம், அவன் என்ன செய்வான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த மனிதரின் பெருந்தன்மைக்கு எப்போதும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். கியரைத் தாண்டி ஏறியதும் அக்கா. துவாயில் இருப்பதும் அக்கா.

ரூலொட் திருத்தத்துக்கென்று விற்பனையிடத்துக்கே திரும்பிப் போயிற்று. வீட்டுக்கு ஆள் வரும் என்ற வாக்குறுதி போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் முன்னர் அண்ணை ரோல்ஸ் பொரித்துக்கொண்டு அங்கே போவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெறுந்தட்டத்தோடு சிரித்துக்கொண்டு வருவார். சாமான் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டுமாம். அடுத்த கிழமையாம். பிறகு தொழிற்சாலைக்கு விடுமுறையாம். விற்பனையாளன் வணக்கம் சொன்னானாம். இந்த ஊரில் கோடை என்பதே விரல் மடக்கி எண்ணுகிற கிழமைகள்தான். அதில் பாதி அந்த விற்பனையிடத்து வளவுக்குள்ளேயே கரைந்தது. திருவிழா கிட்ட வந்தது. பஸ்ஸுக்குப் பெயர் பதியத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் மாலை நான் மேலே ஏறிப் போனேன். இங்கே வாங்குபவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு கொடுக்க அலுவலகம் இருக்கிறது, நானே எல்லாம் எழுதித் தருகிறேன், நீங்கள் கூட வந்தால் போதும் என்றேன். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்காமல் பேசினார்.

“தம்பி, ஊரிலை இருந்து வெளிக்கிடுமட்டும் என்னைச் சோதிக்காத நாளில்லை. ஒவ்வொரு ஆமிச் சோதனைச் சாவடியிலையும் இறக்கி, பையைக் கொட்டி, சோத்துப் பாசலையும் கிண்டிப் பாத்தவங்கள். சோத்தைக் கிண்டேக்கை அவன் என்ரை முகத்தைப் பாத்த பார்வை இருக்கே, அதை நான் ஒருத்தரிலையும் வைக்க மாட்டன். எனக்கு நட்டம் வந்தாலும் பரவாயில்லை.”

அவர் சொன்ன காரணம் உண்மையான காரணம். அவர் மீது எனக்கு அந்த நிமிடம் இருந்த மரியாதை வேறு யார் மீதும் இருந்ததில்லை. ஆனால் கீழே இறங்கி என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் கோபம் திரும்பி வந்துவிட்டது. எவனோ பார்த்த பார்வைக்கும் இந்த வெடித்த தாங்கிக்கும் என்ன சம்பந்தம்? நட்டம் எனக்கு என்கிறார். நட்டம் அவருக்கா?

அடுத்த சனிக்கிழமை அண்ணை ரோல்ஸோடு போய், வெறுங்கையோடு திரும்பி, வேலைக்குப் போய்விட்டார். அவர் போன கையோடு என் கதவு தட்டப்பட்டது. அக்கா. நல்ல சேலை, கைப்பை, இன்னொரு பையில் மாற்று உடுப்பு.

“தம்பி, காரை எடுங்கோ.”

“எங்கை, அக்கா?”

“ரூலொட் நிக்கிற இடத்துக்கு.”

பாலத்தைக் கடப்பதற்கு முன் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். கடந்த பிறகு ஒரு கோப்பிக் கடையில். எங்கே நிறுத்துவது என்று அவரே சொன்னார். போய் இறங்கியதும் அக்கா முதலில் கழிவறை எங்கே என்று கேட்டுப் போய்வந்தார். பிறகு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் விற்பனையாளனோடு பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அக்கா, “நீங்கள் பேசாமல் நில்லுங்கோ” என்றார்.

ஒரு கணவன் மனைவி உள்ளே வந்தார்கள். அக்கா எழும்பி, “போன்ஜூர்” என்று சிரித்தார். ஒப்பரேசனுக்கு முதல் அவர் தையல் தொழிற்சாலையில் கியூபெக் பெண்களோடு வருடக்கணக்காக வேலை செய்தவர். அண்ணையின் பிரெஞ்சு பிச்சை எடுக்கும், அக்காவின் பிரெஞ்சு ஓடும். ரூலொட் வாங்க வந்தீர்களா, நல்லது, என்னுடையதும் அந்த வளவில் நிற்கிறது, புதியது, ஜூனிலிருந்து நிற்கிறது, அதன் கழிவறையில் நான் ஒருநாள்கூட இருக்கவில்லை, நீங்கள் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் தண்ணீரைத் திறந்து பாருங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். விற்பனையாளன் ஓடிவந்தான். வணக்கம் சொல்ல மறந்துவிட்டான்.

“மதாம், நீங்கள் யார்?”

“ஒப்பந்தத்தில் என்னுடைய பெயரும் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.”

அடுத்து வந்தவர்களுக்கும் போன்ஜூர். அதற்கடுத்து வந்தவர்களுக்கும். கடைசியில் உள்ளறையிலிருந்து முதலாளியே வந்தார். சாமான் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும் என்று தொடங்கினார். அக்கா யன்னலால் கையைக் காட்டினார். வளவில் எங்களுடையதைப் போலவே ஒரு புதிய ரூலொட் விற்பனைக்கு நின்றது.

“அதிலும் அந்தத் தாங்கி இருக்கும்தானே? அதைக் கழற்றி எங்களுடையதில் போடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வருவதை அதில் போடுங்கள்.”

அப்படியெல்லாம் செய்ய முடியாது என்றார் முதலாளி.

“சரி. நான் இருக்கிறேன். எனக்கு அவசரம் வந்தாலும் உங்கள் கழிவறை பக்கத்தில்தான் இருக்கிறது.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற இன்னொரு காரைப் பார்த்தார். புதன்கிழமை வந்து எடுங்கள் என்றார். அக்கா எழும்பவில்லை. மெக்கானிக் வந்து, அந்த மற்ற ரூலொட்டுக்குக் கீழே படுத்துக் கழற்றத் தொடங்கிய பிறகுதான் கைப்பையைத் தூக்கினார்.

காருக்குள் எனக்குச் சந்தோசத்தில் ஸ்டியரிங் பிடிபடவில்லை. “அண்ணை வரட்டும், அக்கா. இண்டைக்கு அவருக்கு நான்…”

“அவருக்குச் சொல்லக் கூடாது, தம்பி.”

“ஏன்?”

“சொன்னால் அவன் ஏமாத்தினவன் எண்டு ஆகும். பிறகு இவர் ஆரை நம்பிக் கதைக்கிறது?” கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். “கத்தரிக்காயை ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுபோய் ஆர் மாத்திறது எண்டு நினைக்கிறியள்? கடைக்காரனுக்கும் தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது. அந்தக் கதவுதான், அதுக்கு மட்டும் என்னாலை ஒண்டும் செய்யேலாமல் போச்சு.”

புதன்கிழமை இரவு அண்ணை என் கதவைத் தட்டினார். விற்பனையிடத்திலிருந்து போன் வந்ததாம், போய் எடுத்துவந்த ரூலொட் வாசலில் நின்றது. “பாத்தீரே தம்பி, நான் என்ன சொன்னனான்? மனுசரோடை மனுசராய்ப் பழகினால் செய்து தருவினம். நீர் வழக்கு, சட்டம் எண்டு நிண்டிருந்தால் இண்டைக்கும் அங்கைதான் நிக்கும்.” நான் வாயைத் திறந்தேன். மேல் படியில் அக்கா நின்றார். வாயை மூடினேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வேலை ஒன்றையும் நான் செய்ததில்லை.

திருவிழாவுக்குப் போனோம். வழியில் எத்தனையோ தடவை ஓரமாக நிறுத்தினோம், ஒரு தடவையும் தரை நனையவில்லை. அக்கா சனத்தோடு சனமாக நடந்துபோய் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். முழந்தாளில் நீண்ட நேரம் இருந்தார். நான் மாதாவை விட்டுவிட்டு அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பின்னேரம் மரங்களுக்குக் கீழே எங்கள் ரூலொட்டைச் சுற்றி ஒரே சனம். சென்ட் லோரன்ட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் தாங்களும் வாங்கப் போவதாகச் சொல்லி விபரம் கேட்டது. அண்ணைக்கு இதைவிட என்ன வேண்டும்? கணவனுக்கு ஒரு கதிரை போட்டு, கையில் ரோல்ஸைக் கொடுத்து, தொடங்கிவிட்டார். நான் எடுத்த இடத்துக்கே போங்கோ. வணக்கம் சொல்லுற மனுசன் ஒருத்தன் இருக்கிறான். அதைக் காட்டு, இதை எழுது எண்டு கரைச்சல் குடுக்காதேங்கோ. நம்பிக் கையெழுத்தை வையுங்கோ. அந்தக் கணவனும் பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் காதால் புகை போயிற்று. இவர் கெட்டது போதாதென்று இனி ஊரையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்.

அந்த மனுசனின் மனைவிக்கு அக்கா ரூலொட்டின் உள்ளே காட்டிக்கொண்டிருந்தார். சின்ன யன்னல் திறந்திருந்தது. நான் அதற்குக் கீழே சாய்ந்து நின்றேன். உள்ளே தண்ணீர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், மெதுவாக.

“எடுக்கிற அண்டைக்கு எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கோ. அவர் வெக்கப்பட்டால் நீங்கள் திறவுங்கோ. அதுக்கு முதல், பேப்பரிலை உங்கடை பேரையும் போடச் சொல்லுங்கோ.”

“என்ன தம்பி, பேசாமல் நிக்கிறீர்?” என்று அண்ணை அங்கிருந்து கூப்பிட்டார். “நீரும்தானே எல்லாத்தையும் கண்ணாலை கண்டனீர். இவருக்குச் சொல்லும், அவன் நல்ல மனுசனோ இல்லையோ?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யன்னலுக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“ஓம், அண்ணை” என்றேன்.